ஆய்வுக் கட்டுரை உங்களுடையது, உரிமை யாருடையது?

உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது என்று ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்த சில நாட்களில் இன்னொரு மின்னஞ்சல் வரும். அதில் ஓர் இணைப்பு இருக்கும். சொடுக்கினால் ஒரு படிவம் திறக்கும்: கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர்களின் பெயர்கள், கீழே நான்கைந்து பத்திக்குச் சட்ட வாசகம், கடைசியில் டிக் அடிக்க ஒரு கட்டம், அதன் அடியில் ஒரு பொத்தான். திருத்தத்துக்கு மேல் திருத்தம் செய்து களைத்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பத்திகளைப் படிப்பதில்லை. டிக் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். கட்டுரையை யார் காசில்லாமல் படிக்கலாம், யார் நகலெடுக்கலாம், யார் தமிழாக்கலாம், நீங்கள் வரைந்த படத்தை நீங்களே வேறோர் இடத்தில் போடலாமா என்பதெல்லாம் அந்தப் பொத்தானை அழுத்தும்போது முடிவாகிவிடுகிறது. முதல் கட்டுரையை அனுப்பத் தயாராகும் ஆய்வு மாணவர்கள் அந்தப் படிவத்தைப் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

பேச வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டை நீங்கள் ஆய்வு செய்கிறீர்கள். காடு எங்கே விரிந்திருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது என்று காட்டும் வண்ண வரைபடம் ஒன்று உங்கள் கட்டுரையில் மூன்றாவது படமாக வருகிறது. அந்தப் படம் எங்கெல்லாம் போகலாம், எங்கே தடுக்கப்படும் என்று பார்த்துக்கொண்டே போவோம்.

எழுதியதுமே வரும் உரிமை

பதிப்புரிமைக்கு யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததும், வரைந்து முடித்ததும் அது தானாகவே வந்துவிடும். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் இதுதான் விதி. இந்தியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. பதிவு செய்துகொள்ளும் வசதி உண்டு, கட்டாயம் கிடையாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஆசிரியரின் வாழ்நாள் முழுக்கவும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். இலங்கையின் 2003-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டத்தில் அது 70 ஆண்டுகள். முப்பது வயதில் ஒரு கட்டுரை எழுதி, எண்பது வயது வரை வாழ்ந்தால் இந்தியக் கணக்கில் 110 ஆண்டுகளுக்கு அந்த உரிமை யாரோ ஒருவர் கையில் இருக்கும். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

சட்டம் காப்பது நீங்கள் சொன்ன விதத்தையும் வரைந்த விதத்தையும் மட்டுமே. உண்மைகளுக்கும் கருத்துகளுக்கும் பதிப்புரிமை கிடையாது, 1978-இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிச்சாவரத்தில் இத்தனை எக்டேர் காடு இருக்கிறது என்ற அளவு யாருக்கும் சொந்தமில்லை. அந்த அளவுகளை எடுத்து இன்னொருவர் தன் பாணியில் புதிதாக ஒரு வரைபடம் போட்டால் பதிப்புரிமை மீறல் ஆகாது. உங்கள் வரைபடத்தை அப்படியே வெட்டி ஒட்டினால் ஆகும். கண்டுபிடிப்புகளைக் காக்கும் பேட்டன்ட் முற்றிலும் வேறு சட்டம், வேறு நடைமுறை.

கருத்துத் திருட்டையும் பதிப்புரிமை மீறலையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. உங்கள் முடிவை எடுத்துச் சொந்தச் சொற்களில் எழுதி உங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டால், அது கருத்துத் திருட்டு; பதிப்புரிமைச் சட்டம் அங்கே வராமலே போகலாம். உங்கள் படத்தை அனுமதியில்லாமல் நூலில் அச்சிட்டு, கீழே உங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டாலும் அது பதிப்புரிமை மீறலாக இருக்கலாம். நன்றி சொல்வது அனுமதி வாங்குவதற்கு ஈடாகாது.

முதல் உரிமையாளர் பொதுவாக எழுதியவர்தான். பலர் சேர்ந்து எழுதினால் எல்லோருக்கும் உரிமை உண்டு. பணியின் ஒரு பகுதியாக எழுதியது வேலை தந்தவருக்கே சேரும் என்று இந்தியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். கட்டுரைகளைப் பொறுத்தவரை பல பல்கலைக்கழகங்கள் இந்த உரிமையைக் கோருவதில்லை. அரசு ஆய்வகங்களில் நிலைமை வேறாக இருக்கலாம். அதனால்தான் ஆய்விதழ்ப் படிவங்களில் அரசு ஊழியர்களுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையை ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள்.

படிவம் என்ன கேட்கிறது

பழைய பாணிப் படிவம் பதிப்புரிமை மொத்தத்தையும் மாற்றித் தரச் சொல்லும். உலகம் முழுவதற்கும், உரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், எல்லா வடிவங்களுக்கும், இனி வரப்போகும் வடிவங்களுக்கும் சேர்த்து என்று அதன் வாசகம் ஓடும். இப்படி நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்றும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் நம் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. எழுதியவருக்குச் சட்டம் தந்த அந்தச் சிறு பாதுகாப்பு, படிவத்தின் ஒரே வரியில் போய்விடுகிறது.

கையெழுத்திட்ட பின் உங்கள் மூன்றாவது படத்தை உங்களுடைய அடுத்த கட்டுரையில் போட வேண்டும் என்று வையுங்கள். இதழின் இணையதளத்தில் கட்டுரைக்குப் பக்கத்திலேயே அனுமதி கேட்கும் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டால் பெரும்பாலும் ரைட்ஸ்லிங்க் என்ற சேவைக்குப் போவீர்கள். நீங்கள் யார், எதில் பயன்படுத்தப் போகிறீர்கள், எத்தனை படம், அச்சிலா மின்வடிவிலா, எத்தனை பிரதி, மொழிபெயர்ப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்கும். இந்தக் கட்டுரையின் ஆசிரியர் நீங்கள்தானா என்றும் ஒரு கேள்வி இருக்கும். கட்டணம் சுழியம் என்று வரலாம், பெரிய தொகையும் வரலாம். எப்படியானாலும் சொந்தப் படத்துக்கு அனுமதி கேட்கும் இடத்தில் நிற்கிறீர்கள். ஆய்வேட்டில் சேர்க்கப் பெரும்பாலான பதிப்பகங்கள் முன்கூட்டியே அனுமதி தந்துவிடுகின்றன. ஆனால் இந்தியாவில் ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற பொது இணையக் களஞ்சியத்தில் ஏறி எல்லோருக்கும் திறந்திருக்கும். கட்டுரையின் அச்சான பக்கங்களை அப்படியே ஆய்வேட்டில் சேர்ப்பவர்கள் அதற்கும் அனுமதி பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகைப் படிவம் பிரத்தியேக உரிமம். பதிப்புரிமை ஆசிரியர்களுடையது என்று முதல் பக்கத்தில் அச்சாகும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வெளியிடவும் விற்கவும் பிறருக்கு அனுமதி தரவும் பதிப்பகத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று ஒப்புக்கொண்டிருப்பீர்கள். நடைமுறையில் முதல் வகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. மூன்றாவது வகையில் பதிப்பகம் முதலில் வெளியிடும் உரிமையை மட்டும் வாங்கிக்கொள்கிறது. மற்றவை உங்களிடமும், திறந்த உரிமம் வழியாக எல்லோரிடமும் இருக்கும்.

உரிமையை எழுதிக் கொடுப்பதன் விலை இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தன் உள்ளடக்கத்தை மைக்ரோசாஃப்டுக்குத் திறந்துவிட 2024-இல் ஒப்பந்தம் போட்டது. தொடக்கத் தொகை மட்டும் 1 கோடி டாலருக்கு மேல். எழுதியவர்கள் பலர் செய்தியைப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார்கள். உரிமை கையில் இருப்பவரிடம்தான் வாங்குபவர் பேசுவார். எழுதியவர், மதிப்பாய்வு செய்தவர் இருவருமே ஊதியம் வாங்காத ஒரு தொழிலில் இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எதை எழுதிக் கொடுத்தாலும் ஒன்று உங்களிடம் இருக்கும். இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், என் பெயருக்குக் கேடு வரும்படி சிதைக்காதே என்று தடுக்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி ஆசிரியருக்குரியவை.

ஒரே கட்டுரை, மூன்று பிரதி

சந்தா கேட்கும் இதழில் உரிமையை மாற்றிக் கொடுத்து வெளியிட்டாலும், கட்டுரையை உலகுக்குத் திறந்து வைக்கச் சட்டபூர்வ வழி பெரும்பாலும் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

உங்கள் கணினியில் ஒரே கட்டுரைக்கு மூன்று பிரதிகள் இருக்கும். இதழுக்கு முதலில் அனுப்பியது ப்ரீபிரின்ட். மதிப்பாய்வாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து, ஏற்கப்பட்ட நிலையில் இருக்கும் வேர்ட் அல்லது லேடெக் கோப்பு இரண்டாவது; இதை ஏற்கப்பட்ட கைப்பிரதி என்பார்கள். பதிப்பகம் பக்கம் கட்டி, இதழின் சின்னத்தோடு பிடிஎஃப் ஆக்கித் தருவது மூன்றாவது. மூன்றாவதைப் பொதுவில் ஏற்றப் பெரும்பாலான சந்தா இதழ்கள் விடுவதில்லை. முதல் இரண்டுக்கும் தாராளமாக இடம் தருகின்றன. ஏற்கப்பட்ட கைப்பிரதியைச் சொந்த இணையப் பக்கத்தில் உடனே வைக்கலாம், உங்கள் நிறுவனம் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில் 6 மாதமோ 12 மாதமோ கழித்து வைக்கலாம் என்ற மாதிரி விதிகள் இருக்கும். எந்த இதழ் எதை விடுகிறது என்பதை ஷெர்பா ரோமியோ என்ற இலவசத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். இப்போது அதன் பெயர் ஓப்பன் பாலிசி ஃபைண்டர்.

இயற்பியலாளர்களுக்கு இது பழைய பழக்கம். 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் களஞ்சியத்தில் அவர்கள் கட்டுரையை ஏற்றிவிட்டுத்தான் இதழுக்கே அனுப்புவார்கள். அதன் இந்திய நகல் தளம் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே சொந்தக் களஞ்சியம் தொடங்கியது. சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்திலிருந்து சுப்பையா அருணாசலம் இதற்காக ஆண்டுக்கணக்கில் எழுதியும் பேசியும் வந்தார். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வின் கைப்பிரதியைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2014-இல் கொள்கையே வெளியிட்டன. அந்த நிதி வாங்கியவர்களில் எத்தனை பேர் தங்கள் நிதி ஒதுக்கீட்டுக் கடிதத்தோடு சேர்த்து அதைப் படித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் அச்சான பிடிஎஃபை ஏற்றுவது பரவலான வழக்கம். எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. அமெரிக்க வேதியியல் கழகமும் எல்செவியரும் 2017-இல் ஜெர்மனியிலும் 2018-இல் அமெரிக்காவிலும் அந்தத் தளத்தின் மீது வழக்குப் போட்டன, 2023-இல் சமரசமானது. ஏற்கப்பட்ட கைப்பிரதியை ஏற்றினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆகவே அந்தக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே தனிப் பெயரிட்டுச் சேமியுங்கள். கூட்டாசிரியர் ஒருவர் வேறு ஊருக்குப் போய், மடிக்கணினியும் மாறிய பிறகு தேடினால் கிடைக்காது.

திறந்த உரிமம்

திறந்து வைத்தால் மட்டும் போதுமா? காசில்லாமல் படிக்கக் கிடைப்பது ஒன்று. எடுத்துப் பயன்படுத்த அனுமதி இருப்பது இன்னொன்று. 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இரண்டையும் சேர்த்தே திறந்த அணுக்கம் என்றது. அந்த அனுமதியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தருவதற்குப் பதில், எல்லோருக்கும் ஒரே வரியில் தருவதற்குத்தான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், சுருக்கமாகச் சிசி. முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. இன்று புழங்கும் 4.0 பதிப்பு 2013-இல் வந்தது.

நான்கு எழுத்து இணைகளைத் தெரிந்துகொண்டால் போதும். பிஒய் (BY) என்றால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். எஸ்ஏ (SA) என்றால் இதை மாற்றி உருவாக்கியதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். என்சி (NC) என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி (ND) என்றால் மாற்றி அமைத்ததைப் பகிரக் கூடாது. பிஒய் எல்லாவற்றிலும் இருக்கும். மற்றவற்றைச் சேர்ப்பதில் ஆறு உரிமங்கள் வருகின்றன.

இப்போது பிச்சாவரம் படத்துக்கு வருவோம். சிசி பிஒய் உரிமத்தில் கட்டுரை வந்திருந்தால் ஒரு தமிழ் விக்கிப்பீடியர் அந்தப் படத்தை விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றி, ஆங்கிலக் குறிப்புகளை எடுத்துவிட்டுத் தமிழில் கிள்ளை, கொள்ளிடம், வெள்ளாறு என்று எழுதிச் சேர்க்கலாம். உங்கள் பெயரையும் மூலக் கட்டுரையையும் உரிமத்தையும் சொல்ல வேண்டும், செய்த மாற்றத்தைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். என்சி இருந்தால் காமன்ஸ் அதை ஏற்காது. அந்தத் தளம் லாப நோக்கமில்லாதது என்றாலும், வணிகத்துக்கும் பயன்படும் கோப்புகளை மட்டுமே அது சேர்த்துக்கொள்ளும். என்டி இருந்தாலும் ஏற்காது. என்டி இருக்கும் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடவும் முடியாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பு என்பது மாற்றி அமைப்பது. தன் ஆய்வைச் சிதைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் என்டி தேர்ந்தெடுக்கும் தமிழ் ஆய்வாளர், தமிழுக்கு வரும் வழியையும் சேர்த்தே மூடிவிடுகிறார். பெரும்பாலானோர் இதை உணர்ந்து செய்வதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்சி பார்க்க நியாயமாக இருக்கும்: என் உழைப்பில் இன்னொருவர் ஏன் காசு பார்க்க வேண்டும்? ஆனால் எது வணிகம் என்பது அவ்வளவு தெளிவில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் சிறுவர் இதழுக்கு விலை உண்டு. அதில் உங்கள் படம் வரலாமா? ஜெர்மனியில் ஒரு பொது வானொலி தன் தளத்தில் என்சி உரிமப் படத்தைப் போட்டது வணிகப் பயன்பாடு என்று கொலோன் நகரின் கீழ் நீதிமன்றம் 2014-இல் சொன்னது. அதே ஆண்டு மேல் நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. நீதிபதிகளுக்கே இப்படி என்றால் ஒரு பள்ளி ஆசிரியர் என்ன முடிவெடுப்பார்? பயந்து விட்டுவிடுவார். வகுப்பறையில் பாடம் நடத்த மட்டும் நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு எந்த உரிமத்தையும் எதிர்பார்க்காமல் இடம் தருகிறது. டெல்லி பல்கலைக்கழக நகலகத்தின் மீது மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வகுப்பறையைத் தாண்டி நூலாக்கவோ இதழில் போடவோ போகும்போதுதான் உரிமம் தேவைப்படுகிறது.

என்சியில் இன்னொரு பொறி உண்டு. சில பதிப்பகங்கள் கட்டுரையைத் திறந்து வைக்க எழுதியவரிடம் கேட்கும் திறந்த அணுக்கக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, சிசி பிஒய்-என்சி-என்டி உரிமத்தில் கட்டுரையை வெளியிட்டு, உங்களிடம் பிரத்தியேக உரிமத்திலும் கையெழுத்து வாங்கும். வணிக உரிமை அப்போது உங்களிடமும் இருக்காது, மக்களிடமும் இருக்காது, பதிப்பகத்திடம் மட்டும் இருக்கும். காசு கொடுத்தது நீங்கள்.

சிசி பிஒய் தேர்ந்தெடுத்தால் யாரோ ஒருவர் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக விற்கலாம், செயற்கை நுண்ணறிவு நிறுவனமும் எடுக்கலாம். அதை மறைக்க விரும்பவில்லை. ஒருமுறை தந்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தும், பொதுப் பணத்தில் நடந்த ஆய்வுக்குச் சிசி பிஒய்தான் சரி என்பது என் முடிவு. பெயர் நிலைக்கும், கட்டுரை போகாத இடமெல்லாம் போகும், ஒரே ஒரு பதிப்பகம் மட்டும் வாசலில் நின்று வசூலிக்க முடியாது. கோயம்புத்தூரிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் திரெட்டன்ட் டாக்ஸா இதழ் இந்த உரிமத்தில்தான் கட்டுரைகளை வெளியிடுகிறது. ஆய்வுத் தரவுகளுக்கு எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ பொருந்தும். எழுதிய நிரல்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் வேண்டாம். எம்ஐடி, ஜிபிஎல், அப்பாச்சி போன்ற மென்பொருள் உரிமங்கள் இருக்கின்றன.

ஒரு விதிவிலக்கு. பிச்சாவரத்தின் ஓடைகளில் மீன்பிடிக்கும் இருளர் மக்களின் முகங்கள் படத்தில் இருந்தால், எந்த இடத்தில் எது கிடைக்கும் என்று அவர்கள் சொன்ன அறிவு கட்டுரையில் இருந்தால், அதைத் திறந்துவிடும் முடிவு உங்களுடையது மட்டும் இல்லை. பதிப்புரிமை உங்களிடம் இருக்கலாம். சம்மதம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

காசு, கேட்பு, பழைய கட்டுரைகள்

திறந்த உரிமம் என்றாலே லட்சக்கணக்கில் கட்ட வேண்டும் என்ற அச்சம் காரணமில்லாமல் வரவில்லை. நேச்சர் இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ; அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். ஆனால் கட்டணம் ஒரு வகை இதழ்களின் வணிக முறை மட்டுமே. எழுதியவரிடமும் படிப்பவரிடமும் வாங்காத இதழ்கள் உலகெங்கும் இருக்கின்றன. லத்தீன் அமெரிக்காவில் அதுவே பெருவழக்கு. இதழ் ஒழுங்கானதா என்று டிஓஏஜே (DOAJ) என்ற திறந்த அணுக்க இதழ்களின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் திறந்திருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் வந்துவிட்டதே, இனி எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட அந்தத் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. நல்லதுதான். ஆனால் அது படிப்பதற்கான சந்தா. கிள்ளையில் உள்ள ஒரு பள்ளியின் ஆசிரியருக்கும், வேலையை விட்டு வந்த ஆய்வாளருக்கும், யாழ்ப்பாணத்து மாணவருக்கும் அது திறக்காது. படத்தைத் தமிழில் வரையும் உரிமையும் அதில் வராது.

படிவத்தைத் திருத்தித் தரும்படி கேட்கலாமா? கேட்கலாம். திறந்த அணுக்கத்துக்காக இயங்கும் ஸ்பார்க் அமைப்பு, ஒப்பந்தத்தோடு சேர்க்க ஆசிரியர் இணைப்பு ஒன்றை இதற்கென்றே எழுதி வைத்திருக்கிறது. அதை நிரப்பிப் படிவத்தோடு அனுப்பலாம். மறுத்தால் பழைய படிவத்துக்குத் திரும்பலாம், கேட்டதற்காகக் கட்டுரையைப் பொதுவாக நிராகரிக்க மாட்டார்கள். இன்னும் வலுவான வழி, கட்டுரையை முதலில் அனுப்பும்போதே நன்றியுரைப் பகுதியில் ஒரு வரி சேர்ப்பது: ஏற்கப்பட்ட கைப்பிரதிக்குச் சிசி பிஒய் உரிமம் பொருந்தும் என்று. ஐரோப்பிய நிதி அமைப்புகள் பிளான் எஸ் என்ற திறந்த அணுக்கத் திட்டத்தின் வழியாக 2021 முதல் இதைக் கேட்கின்றன. ஹார்வர்டு பேராசிரியர்கள் 2008-லேயே தங்கள் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டி உரிமம் தந்து வழிகாட்டினார்கள். எதைக் கேட்பதானாலும் கூட்டாசிரியர் எல்லோரிடமும் முன்பே பேசிவிடுங்கள். மாணவர் தனியாகக் கேட்பதைவிட வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டால் எடுபடும்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்த கட்டுரைகளுக்கும் செய்ய வேண்டியது இருக்கிறது. பழைய மின்னஞ்சல்களில் திருத்திய இறுதிக் கோப்பைத் தேடுங்கள். இதழ் காத்திருக்கச் சொன்ன தடைக்காலம் முடிந்திருந்தால் இன்றே நிறுவனக் களஞ்சியத்திலோ ஸெனோடோ என்ற இலவசப் பொதுக் களஞ்சியத்திலோ ஏற்றுங்கள். மூன்றாவது படத்தின் மூலத் தரவு உங்களிடம் இருந்தால், நிறம், அளவுகோல், குறிப்புகள் எல்லாவற்றையும் புதிதாக அமைத்து, இம்முறை தமிழில் ஒரு வரைபடம் போடுங்கள். அடியில் கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணையும் சிசி பிஒய் 4.0 என்ற வரியையும் எழுதி, விக்கிமீடியா காமன்ஸில் நீங்களே ஏற்றிவிடுங்கள்.